பக்கத்து சீட்டுப் பிரேக்

அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க, அந்த சன்னலோர சீட்ட எனக்குக் குடுப்பியளா? காத்துக்குக் கேக்கல. காலு இப்படி நீட்டி வைக்கணும், பாத்தியளா, கட்டுப் போட்டிருக்கு. அப்புறம் பின்னாடி வாற வண்டிகளப் பாத்துக்கிட்டே வரணும். வெள்ளக் காரு. தலையில மஞ்சப் பலகை, 'குத்தாலம் டிரைவிங் ஸ்கூல், பாளையங்கோட்டை'ன்னு செவப்பு எழுத்து. கண்ணுல பட்டா நீங்களும் சொல்லுங்க. என் வண்டிதான். என் பொண்டாட்டி ஓட்டிட்டு வருவா. வந்து இந்த பஸ்ஸ மறிச்சு, ஏங்க எறங்கி வாங்கன்னு கெஞ்சப் போறா. எறங்கலாமா வேண்டாமான்னு நான் அப்பத்தான் முடிவு பண்ணணும்.

ஒங்களுக்கும் திருநெல்வேலிதானா? நல்லதாப் போச்சு. என் பேரு குற்றாலலிங்கம். பாளையங்கோட்டையில பாதிப் பேரு என்கிட்ட வண்டி படிச்சவன்தான். இந்த பஸ் டிரைவரு படிக்கல, அது நல்லாத் தெரியுது. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டத் தாண்டுததுக்குள்ள கியர எத்தன தடவ போட்டு மாத்திட்டான் பாருங்க. கியர் பாக்ஸ் கதறுது. நம்ம வண்டியா இருந்தா காலால ஒரு மிதி மிதிச்சிருப்பேன். இங்க என்னத்த மிதிக்க?

எங்கேயிருந்து வாறேன்னு கேக்கியளாக்கும். சுற்றுலா அண்ணாச்சி, சுற்றுலா! குடும்பத்தோட கடலோரமா ரோட் ட்ரிப். சொல்லவே நாக்கு கூசுது.

எல்லாம் மருமவன் பாத்த வேல. பேரு பிரசன்னா. கோயம்புத்தூர்க்காரன். கம்ப்யூட்டர்ல என்னமோ உத்தியோகம், வீட்டுல இருந்தே பாக்கான், மேல சட்ட, கீழ டவுசரு. பேச்சு மட்டும் வெண்ணெய். 'ஏனுங் மாமா, லீவுக்கு வர்றமுங். கன்னியாகுமரியில இருந்து கடலோரமாவே, பாறை பாறையாப் பாத்துட்டு, அங்கங்க கூடாரம் போட்டுத் தங்கிட்டுப் போலாமுங்களா?' அப்படிங்கான். நான் கேட்டேன், 'ஏன் மாப்ள, லாட்ஜெல்லாம் இடிஞ்சு விழுந்துட்டா?' அதுக்கும் சிரிக்கான். இந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்காது. நம்ம திட்டுனா மூஞ்சி சுருங்கணும் அண்ணாச்சி, அப்பத்தான் திட்டுனதுக்கு ஒரு மரியாத.

என் வீட்டுக்காரி செண்பகவல்லி இருக்காளே, அவ துள்ளிக் குதிச்சா. கல்யாணமாகி இத்தன வருசத்துல நான் அவளக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகலையாம். திருச்செந்தூருக்கு வருசா வருசம் போறோமே, அங்க கடலு இல்லாம பின்ன என்ன கெடக்கு? 'அது சாமிக்குப் போறது. எனக்குன்னு எங்க போனோம்?' அப்படின்னா. கடல்ல ஒனக்குன்னு தனியா ஒண்ணு வெட்டி வச்சிருக்கான்னு கேட்டேன். அவ புளியோதரைக்குப் புளி கரைக்கப் போயிட்டா.

அவுக கோயம்புத்தூர்ல இருந்து ரயில்ல வந்துட்டதால என் வண்டியிலதான் போனோம். ஸ்கூல் வண்டி. ஒங்களுக்குத் தெரியும்லா, அதுல படிக்கவன் காலுக்கு ஒரு பிரேக்கு, கிளச்சு, பக்கத்துல உக்காந்திருக்க வாத்தியாரு காலுக்கு ஒரு பிரேக்கு, கிளச்சு. மருமவன் ஓட்டுதேன்னான். சரி, வீட்டு மாப்பிள்ள, ஆசப்படுதான், ஓட்டட்டும்னு விட்டுட்டேன். நான் பக்கத்துல உக்காந்து என் வேலையப் பாத்தேன். நாங்குநேரி வரைக்கும் ஒழுங்காத்தான் போனான்னு வைங்க. ஆனா ஒழுங்காப் போறானேன்னு நம்ம காலத் தூக்கி மடியில வச்சிக்கிட முடியுமா? லாரிய முந்தப் போனான், நான் மிதிச்சேன். ஆடு நின்னுச்சு, மிதிச்சேன். ரோடு காலியாக் கெடந்துச்சு, அப்பயும் மிதிச்சேன், வேகம் வேகம்தானே. வள்ளியூர் தாண்டுததுக்குள்ள ஏழெட்டுத் தடவ வண்டி நடு ரோட்டுல ஆஃப் ஆகி நின்னுட்டு. பின்னாடி வந்தவன் எல்லாம் பலகையப் பாத்துட்டு, படிக்கான் போலன்னு ஒதுங்கிப் போனான். பலகை இல்லன்னா மருமவன் கெட்ட வார்த்த கேட்டிருப்பான். என்னாலதான் மானத்தோட போனான்.

'அப்பா, அவரு எட்டு வருசமா ஓட்டுதாரு'ன்னா எம்பொண்ணு இந்துஜா. ஓட்டட்டும். எட்டு வருசமாத் தப்பா ஓட்டுனா அது சரியாயிருமா?

இந்துஜாவுக்கு ஓட்டத் தெரியாது. காலேஜ் படிக்கையில நானே ரெண்டு நாளு சொல்லிக் குடுத்தேன். ரெண்டாவது நாளு சாயங்காலம் ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிட்டே அழுதா. அதோட சரி. இன்னைக்கு வரைக்கும் டிரைவர் சீட்டுல உக்காரச் சொன்னா மாட்டேன்னு ஓடிருதா. கோழக் கழுத. சொல்லிக் குடுத்தவன் யாருன்னு ஒரு நெனப்பு வேண்டாமா? அவ அம்மைக்கு நான் சொல்லிக் குடுக்கவே இல்ல. அவளும் ஆரம்பத்துல கேட்டுக்கிட்டுதான் இருந்தா. ஊருப் பொம்பளைகளுக்கெல்லாம் படிச்சுக் குடுக்கீங்களே, எனக்குன்னா என்னன்னு. அது தொழில், நீ வீட்டுக்காரின்னேன். அப்புறம் கேக்கதையே விட்டுட்டா. ஆசயும் போயிருக்கும்.

கன்னியாகுமரியில ஆரம்பிச்சு மேக்க போனோம். ஒவ்வொரு பாறையிலயும் நிப்பாட்டி எறங்குதாவ. பாறை அண்ணாச்சி! நம்ம ஊரு ஆத்துல கெடக்காத பாறையா? 'அம்மா, அந்த அலையப் பாரேன்', 'அத்தைங், இங்க வந்து பாருங்.' அவளும் சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டுப் போறா. அம்பத்தி நாலு வயசு. நான் வண்டியில இருந்து ஹாரன் அடிச்சேன். திரும்பிப் பாத்தாளுங்கேன்? கைய ஆட்டுனா. வாங்கன்னு கூப்புடுதா! எனக்குன்னா மானம் போச்சு.

முட்டம் பக்கத்துல ஒரு தென்னந்தோப்பு, அதத் தாண்டுனா மணல், மணலத் தாண்டுனா கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்க பாறை. தோப்புக்காரருகிட்ட கேட்டு அங்கதான் தங்கல். மருமவன் மூட்டையப் பிரிக்கான். கூடாரத்துக்கு ஒரு பை, கம்பிக்கு ஒரு பை, தூங்குததுக்குன்னு ஒரு பை. ஆள உள்ள போட்டுக் கழுத்து வரைக்கும் ஜிப் போட்டுருவாவளாம். ராத்திரி ஒண்ணுக்கு வந்தா என்ன செய்வன்னு கேட்டேன், ஜிப்பத் தொறக்கணுமுங்கான். பெரிய கண்டுபிடிப்பு!

மணல்லதான் போடணுமாம், அப்பத்தான் முளைக்குச்சி எறங்குமாம். எனக்கு எதுக்கு மணலு? விடிஞ்சா தலையில, காதுல எல்லாம் மணலு. அந்தா பாறை சிமெண்டுத் தரை கணக்கா கெடக்கு, அதுல போடுங்க மாப்ளன்னேன். 'முளை எறங்காதுங் மாமா.' கல்ல வச்சுக் கட்டுங்கன்னேன். நான் சொன்னா கேப்பான், அது ஒண்ணு அவன்கிட்ட இருக்கு. கட்டுனான். சூரியன் விழுதத வேற எல்லாரும் வாயப் பொளந்து பாத்தாவ, பாளையங்கோட்டையில விழாத சூரியன். அதுக்குள்ள ஒரு காத்து வந்துச்சு பாருங்க, கூடாரம் எந்திரிச்சு உருண்டு போயி தாழம்புதருல மாட்டிக்கிட்டு. ஆன்லைன்ல வாங்குன சாமான் அப்படித்தான் இருக்கும். அவுக மூணு பேரும் அத முள்ளுல இருந்து எடுத்துத் தச்சு, மறுபடி மணல்ல போட்டு, அங்கயே சேமியாவக் கிண்டித் தின்னுட்டுப் படுத்தாவ. நான் வண்டியிலயே படுத்துக்கிட்டேன். ஏ.சி. இருக்கு, சீட்டு சாயுது, எனக்கென்ன குற? அவுகதான் தூங்காம என்னத்தையோ பேசிப் பேசிச் சிரிச்சிக்கிட்டு கெடந்தாவ. செண்பகம் அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. என்ன பெரிய தமாசோ, எனக்கு யாரும் சொல்லல.

காலையில எந்திரிச்சா, மூணு பேரும் பாறை நுனியில உக்காந்து காப்பி குடிக்காவ. எனக்குக் கொண்டு வந்து தரணும்லா? 'இங்க வந்து குடிங்க, நல்லாருக்கு'ன்னு செண்பகம் கூப்புடுதா. சரின்னு எறங்கிப் போனேன். 'மாமா, அந்தப் பக்கம் பாசி இருக்குதுங், வழுக்கும், சுத்தி வாங்'ன்னு மருமவன் கத்துதான். எனக்குச் சொல்லுதான்! வழுக்கும் வழுக்காதுங்கறது கிரிப்பப் பொறுத்தது மாப்ளன்னு சொல்லி நேராப் போனேன்.

பாறை வழுக்கல அண்ணாச்சி. செருப்பு வழுக்குச்சு. அந்தச் செருப்பும் செண்பகம் வாங்கிக் குடுத்ததுதான்.

ரெண்டு பாறைக்கு நடுவுல வலது காலு மாட்டிக்கிட்டு. இழுத்தா வரல. ஒரு அலை வந்து நெஞ்சு வரைக்கும் அடிச்சிட்டுப் போகுது. அடுத்த அலை மூஞ்சில. பொய் சொல்லக் கூடாது, பயந்துட்டேன். கண்ணு, மூக்கு, வாயெல்லாம் உப்புத் தண்ணி. மருமவன் மேல இருந்து குதிச்சுட்டான். குதிச்சவன என்ன செய்யிதுன்னா, அலை தூக்கி பாறையில அடிக்கு. பாறை பூரா சிப்பி ஒட்டிக்கிட்டு இருக்கு, பிளேடுதான். அதப் பிடிச்சிக்கிட்டே நின்னு, என் காலத் திருப்பி எடுத்து, இடுப்பக் கட்டி மேல ஏத்திட்டான். ஏத்திட்டுப் பாத்தா ரெண்டு உள்ளங்கையும் கிழிஞ்சு தொங்குது. ரத்தம் சொட்டச் சொட்ட 'ஒண்ணும் ஆகலையிங்களே மாமா?'ங்கான். ஒரு ஆளத் தூக்கணும்னா கையப் பாத்துத் தூக்கணும். எல்லாத்துலயும் அவசரம்.

காலு ஒரு நொடியில வீங்கிப் போச்சு. தோப்புல ஒரு ஈ காக்கா இல்ல. நான் ஓட்ட முடியாது. அவன் கையில துணியச் சுத்திக்கிட்டு நிக்கான், ஸ்டியரிங்கத் தொட முடியாது. இந்துஜா அழுதுக்கிட்டு நிக்கா. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுன்னேன். செண்பகம் வந்தா. என் சட்டப் பையில கைய விட்டா. சாவிய எடுத்தா. 'பின்னாடி ஏறிப் படுங்க'ன்னா.

அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஏட்டி, கோட்டி பிடிச்சிட்டா, அது என்ன கிரைண்டரா, சுவிச்சப் போட்டா ஓடுததுக்குன்னு கேட்டேன். அவ சீட்ட முன்னால இழுத்தா. கண்ணாடியத் திருப்பி வச்சா. பெல்ட்டு போட்டா. நான் அப்பயே கவனிச்சிருக்கணும், வரிசை தப்பல.

தோப்புல இருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுத எடம் செங்குத்தா இருக்கும் அண்ணாச்சி. பாதி ஏத்தத்துல எதுக்க மீன் வண்டி வந்து நின்னுட்டு. நிப்பாட்டி எடுக்கணும். நம்ம ஸ்கூல்ல படிக்கவன் முக்காவாசிப் பேரு அந்த எடத்துலதான் வண்டியப் பின்னால உருட்டுவான். நான் பின் சீட்டுல படுத்துக் கெடக்கேன், காலு எம்பொண்ணு மடியில, மிதிக்கதுக்கு ஒண்ணும் இல்ல. கண்ண மூடிக்கிட்டேன். வண்டி ஒரு இஞ்சு பின்னால போகல. மீன் வண்டிக்காரன் தாண்டுனான், இவ ஏத்திட்டா. ரெண்டாவது கியரு. மூணாவது. சத்தமே கேக்கல.

'எப்படி?'ன்னு கேட்டேன். இந்துஜாதான் சொன்னா. போன வருசம் இவளுக்கு டைபாய்டு காய்ச்சல்னு செண்பகம் கோயம்புத்தூருக்குத் தொணைக்குப் போயி இருந்தாள்லா, அப்ப மருமவன் சொல்லிக் குடுத்தானாம். லைசென்சும் எடுத்தாச்சாம். என்கிட்டச் சொல்லல. பாளையங்கோட்டையில டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கவன் பொண்டாட்டி, ஒரு டவுசர்காரன்கிட்டப் போயி வண்டி படிச்சிருக்கா! வெளிய தெரிஞ்சா எவன் என் ஸ்கூல்ல சேருவான்?

நான் மருமவன்கிட்ட கேட்டேன், 'ஒங்க வண்டியில பக்கத்து சீட்டுக்குப் பிரேக்கு உண்டா மாப்ள?' 'இல்லீங் மாமா.' 'அப்ப அவ தப்புப் பண்ணுனா நீங்க என்ன செய்வீங்க?' அதுக்கு அவன் சொல்லுதான், ''அத்தைங்'ன்னு கூப்புடுவனுங். அவங்களே பிரேக்கப் போட்டுருவாங்க.'

எப்படி இருக்கு? கூப்புடுவானாம்! கைய ரெண்டையும் மடியில வச்சிக்கிட்டு உக்காந்து கூப்புடுவானாம். கூறுகெட்டவன். உசுரு மேல பயமே இல்ல. இவன நம்பி நான் பொண்ணக் குடுத்திருக்கேன்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில எலும்பு முறியல, ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு கட்டுப் போட்டு விட்டாவ. அவன் கைக்கும் தையலு. வெளிய வந்தோம். நேரா வீட்டுக்கு விடுன்னேன். அதுக்கு செண்பகம், 'ஒங்களுக்கு முடியலன்னா வீட்டுக்குப் போவோம். ஆனா எனக்கு இன்னும் பாக்கணும் போல இருக்கு. பின்னாடி காலு நீட்டிப் படுத்துக்கிட்டு வாங்களேன், நானே மெதுவா ஓட்டுதேன்'னா. கெஞ்சுத கொரலுதான். நான் மனசு எரங்கிட்டேன். சரி, வாறேன், ஆனா முன்னாடிதான் உக்காருவேன்னேன். காலு ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குல்லா.

ஆஸ்பத்திரி கேட்டத் தாண்டி மெயின் ரோட்டுல திரும்புதா. நல்லாத்தான் திரும்புனா. ஆனாலும் எனக்கு எடது காலு சும்மா இருக்கல, ஒரு மிதி மிதிச்சிட்டேன். வண்டி டக்குன்னு நிக்க, பின்னாடி வந்த மினி பஸ்ஸு ஒரு சாண்ல நின்னுச்சு. இந்துஜா முன் சீட்டுல வந்து மோதுனா. மருமவன் தையல் போட்ட கைய ஊனிட்டான், 'ஸ்'ங்கான். செண்பகம் வண்டிய ஓரம் கட்டுனா. இன்ஜின ஆஃப் பண்ணுனா. என்னையப் பாக்கவே இல்ல, ரோட்டப் பாத்துக்கிட்டே பேசுனா.

'இந்த வண்டியில ஒரு ஆளுதான் ஓட்ட முடியும். பின்னாடி போய் உக்காருங்க.'

என் வண்டி. என் ஸ்கூலு. என்னையப் பின்னாடி போகச் சொல்லுதா. மருமவன் முன்னால, பொண்ணு முன்னால வச்சுச் சொல்லுதா. நான் கதவத் தொறந்து எறங்கிட்டேன். பஸ்ல போறேன்னேன். நெசமாப் போவேன்னா நெனச்சேன்? நான் எறங்குனா அவ பதறிப் போயி எறங்குவா, அப்பத்தானே புத்தி வரும். அவ 'ஏறுங்க'ன்னா. நான் ஏறல. இன்னொரு தடவ 'ஏறுங்க, கால வச்சிக்கிட்டு எங்க போவீங்க'ன்னா. நான் ஆட்டோவக் கைகாட்டிட்டேன். மருமவன் பின்னாலயே ஓடி வந்து, 'நானும் பஸ்ல கூட வர்றனுங் மாமா'ங்கான். ஒங்க தொணை எனக்கு எதுக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். மாத்திரையையும் தண்ணி பாட்டிலையும் பையில திணிச்சிட்டுப் போறான், சோப்ளாங்கி.

இதுதான் நடந்தது. நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சதுல என்ன தப்பு?

என்ன, கடிகாரத்தப் பாக்கியளே. சரி, விடுங்க. ஆரல்வாய்மொழி தாண்டிட்டோமா? கரண்டு எடுக்க காத்தாடியெல்லாம் தெரியுதே. இந்நேரம் வந்திருக்கணும். அந்த வெள்ளக் காரு... இல்ல, அது டாக்சி.

இருங்க, போன் அடிக்கு. அவதான்! பாத்தியளா, நான் சொன்னேம்லா. கொஞ்சம் அடிக்கட்டும், ஒடனே எடுத்தா எளக்காரமாப் போயிரும்.

ஹலோ. ... ம். ... வலியெல்லாம் ஒண்ணுமில்ல. ... சாப்புட்டாச்சு, சாப்புட்டாச்சு. எங்க வாற? ... எங்க? ... எந்த வழி? ... அதெப்படி, திங்கக்கெழம கிளாஸ் இருக்கு, வண்டி வேணும்லா. ... ஸ்கூல்ல கெடக்க அந்தப் பழைய வண்டி ஸ்டார்ட் ஆக ரெண்டு பேரு தள்ளணும்ட்டீ. ... எத்தன நாளு? ... எதிர்த்த வீட்டுலயா? ... நான் என்னைக்கு மாவ எடுத்து தோச ஊத்திருக்கேன்? ... ம். ... செண்பகம், இங்க பாரு. ... ஏ செண்பகம்.

வச்சிட்டா.

ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கொளச்சலத் தாண்டிட்டாவளாம். அப்படியே கேரளா வழியாவே கோயம்புத்தூர் போறாவளாம். அங்கயும் கடலோரமா செவப்புப் பாறையா இருக்குமாம், அதப் பாக்கணுமாம். பத்து நாளு பொண்ணு வீட்டுல இருந்துட்டுத்தான் வருவாளாம். வீட்டுச் சாவி எதிர்த்த வீட்டுல இருக்காம், மாவு ஃபிரிட்ஜில இருக்காம். பின்னாடி சிரிப்புச் சத்தம் கேக்கு. கோவமாப் பேசுனாக்கூட பரவால்ல, சந்தோசமாப் பேசுதா அண்ணாச்சி. என்கிட்ட அவ அப்படிப் பேசுனதே கெடையாது.

சும்மா சொல்லுதா. பயம் காட்டுதா. அவ திருவனந்தபுரம் தாண்ட மாட்டா. அங்க இருக்க டிராபிக்குல நானே தெணறுவேன், இவ எம்மாத்திரம்? பயந்து திரும்பித்தான் ஆகணும். திரும்புனா எந்த வழியா வருவா? நாகர்கோவில் வழியா வந்தாலும் சரி, கன்னியாகுமரி வழியா வந்தாலும் சரி, ரெண்டு ரோடும் சேருத காவல்கிணறு விலக்கத் தாண்டித்தான் வரணும். நான் வீட்டுக்குப் போயி என்ன செய்ய? வீட்டுல யாரு இருக்கா? நான் விலக்குலயே எறங்கி நிக்கேன். நான் நிக்கது தெரியாம அவ பாட்டுக்குப் போயிட்டா பாவம்லா.

ஏ கண்டக்டரு தம்பி, காவல்கிணறு விலக்கு ஒரு எறக்கம்! டிக்கெட்டு திருநெல்வேலிக்குத்தான்ப்பா, தெரியும், நான்தான எடுத்தேன், நீ விசில அடி.

அண்ணாச்சி, அந்தப் பைய மட்டும் எடுத்துக் குடுங்க. அப்புறம், கோவிச்சுக்கிடாம கொஞ்சம் எந்திரிச்சு என் கையப் பிடிங்க. படி உயரமா இருக்கு. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க. நான் சொல்லுத வரைக்கும் விட்டுறாதீங்க.